முக்காலி போட்டு ஏற்றிய வெயில்

என் அக்கா பால் காய்ச்சினால், அது பொங்கி, அடுப்பை அணைத்து, மேடையில் வழிந்து, தரைக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். அதுவரை சமையலறை ஜன்னலில் நிற்பாள். வெளியே மேகம் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. "அங்க என்னத்தடி பாக்குற?" என்று அம்மா கத்தினால், "காத்து திரும்பிடுச்சும்மா" என்பாள். காற்று திரும்பிய நாளெல்லாம் எங்களுக்குக் கறுப்புத் தேநீர்தான்.

அப்படிப்பட்டவளுக்கு வானிலை நிலையத்தில் வேலை கிடைத்தது. "வேடிக்கை பாக்குறதுக்கும் சம்பளம் குடுக்குறாங்கப்பா" என்று அப்பா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிப்புக்கு அடியில் பெருமை இருந்தது. என்னை மருந்துக் கடையில் சேர்த்தபோது அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் உண்டு.

நிலையம் ஊரின் ஓரத்தில் இருக்கிறது. கம்பி வேலி, உள்ளே கத்தரித்த புல், புல்லின் நடுவே நான்கு கால்களில் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. காற்று போய்வர வேண்டும், வெயில் மட்டும் நுழையக் கூடாது என்பதற்காக அதன் சுவரெல்லாம் சாய்வுப் பலகைகள். வெப்பமானி அதற்குள் தொங்கும். விடியற்காலையில் ஒரு பெரிய வெள்ளைப் பலூனைப் பறக்க விடுவார்கள். அதன் கயிற்றில் கட்டிய சின்னக் கருவி மேலே போகப் போக, அங்கே எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று என்று கீழே சொல்லிக்கொண்டே போகும். அக்கா குள்ளம். அவள் பலூனைப் பிடித்துக்கொண்டு புல்லில் நடந்து வந்தால், பலூன்தான் அவளைக் கைபிடித்துக் கூட்டிவருவதுபோல இருக்கும். தெருவில் எல்லோருக்கும் அவள் பலூன் அக்கா.

"ஒரு நாள் உன்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போகப்போகுது பாரு" என்பேன்.

"போகட்டுமே. மேல நல்லா குளுகுளுன்னு இருக்கும்" என்பாள்.

கயிற்றை விட்ட பிறகு அவள் உடனே உள்ளே போக மாட்டாள். பலூன் கையளவாகி, குண்டூசித் தலையளவாகி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாகும்வரை அண்ணாந்தபடி நிற்பாள். பனியில் செருப்பு நனைந்திருக்கும். வாய் லேசாகத் திறந்திருக்கும். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போய் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் தரை மறந்துவிடும். மருந்துக் கடை, கரண்ட் பில், பிள்ளைகளின் சளி எல்லாம் எங்கோ கீழே யாருடையதோ போலத் தெரியும். அந்த நேரத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்தால் கோபமே வராது. எனக்கே வராது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளைக் கல்யாணம் பேச வந்த ஒருவர், "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாராம். "ஈரப்பதம்" என்றாளாம். அவர் காப்பியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. அதன் பிறகு அக்காவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

அவள் குரலை ஊருக்கே தெரியும். வெயில் ஓர் அளவைத் தாண்டினால் அன்று மத்தியானம் திறந்தவெளி வேலையை நிறுத்த வேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு விதி உண்டு. அதை வானொலியில் சொல்வது அக்கா. பாட்டு பாதியில் நிற்கும். "மத்தியானம் வெளியில் வேலை வேண்டாம். நிழலுக்கு வந்துவிடுங்கள்" என்று அவள் குரல் வரும். அதட்டல் கிடையாது, தூங்கும் பிள்ளையை எழுப்புகிற குரல். கட்டடச் சாரத்தில், லாரிக்கு அடியில், கூரைமேல் எங்கெங்கோ மாட்டியிருக்கும் சின்ன ரேடியோக்களில் ஒரே நேரத்தில் அது கேட்கும். மக்கள் கருவிகளை வைத்துவிட்டு இறங்குவார்கள். தெரு அப்படியே கண்ணை மூடிக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் கூரை மேஸ்திரி. தகர ஷீட் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் அந்த விதி அவருக்கு ஆகவே ஆகாது. பாதிக் கூரையை மூடிவிட்டு இறங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. "உங்க அக்கா ஒரு வார்த்தை சொன்னா ஊரே படுத்துடுது" என்று என்னிடம் முறைப்பார். அக்காவிடம் மட்டும் முறைக்க மாட்டார். அண்ணி அண்ணி என்று அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அக்கா தன்னைத்தானே கிண்டலடித்து ஒரு கதை சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு அந்தப் பெட்டியே எட்டாதாம். நுனிக்காலில் நின்று, கீழேயிருந்து அண்ணாந்துதான் வெப்பமானியைப் படிப்பாளாம். கண் நேராக இருக்க வேண்டும். கீழேயிருந்து பார்த்தால் எண் கொஞ்சம் மாறித் தெரியும். யாரும் கவனிக்கவில்லை. பல வருஷம் கழித்து ஆய்வுக்கு வந்த ஒருவர்தான், "ஏம்மா, நீ படிக்கிறியா, எட்டிப் பாக்குறியா?" என்று கேட்டு ஒரு முக்காலி போடச் சொன்னார். அதன் பிறகு ஒரு வருஷம் முழுக்க அவள் எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்தாள்: ஒரு தரம் பழையபடி அண்ணாந்து, ஒரு தரம் முக்காலியில் ஏறி. வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்ததும், அவள் அண்ணாந்து எழுதிய பழைய எண்களையெல்லாம் அந்த அளவுக்குத் திருத்தினார்கள்.

"என் உயரத்துக்காக ஒரு ஊரோட வெயிலையே திருத்த வேண்டியதாப் போச்சு" என்று அக்கா சிரித்தாள். எனக்குப் புரையேறியது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும்.

மறுநாள் அவர் ஒரு கூரைமேல் நின்று, கூட வேலை பார்த்த ஒருவர் போனில் பிடிக்க, வீடியோ எடுத்துப் போட்டார். அக்கா யார் என்று சொல்லவில்லை. முக்காலிக் கதையை மட்டும், கை கால் ஆட்டி, எட்டிப் பார்த்து, ஏறி நின்று நடித்துக் காட்டினார். கடைசியில் கேமராவைப் பார்த்து, "பூமி ஒண்ணும் சூடாகல சாமி, ஆளுதான் உயரமாயிட்டாங்க! பழைய கணக்கைத் திருத்தினோம்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க!" என்றார்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. வீடியோ எங்கள் ஊரைத் தாண்டி, பெயர் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போனது. யார் யாரோ அதற்குப் பின்னணி இசை போட்டார்கள். முக்காலியில் ஏறும் பெண்ணைக் கார்ட்டூனாக வரைந்தார்கள். பெரிய மனிதர்கள் சிலர், இதுதான் விஞ்ஞானத்தின் லட்சணம் என்று எழுதினார்கள். மருந்துக் கடைக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்க வந்த ஒருவர், வியர்த்து வழிந்தபடியே, "எல்லாம் முக்காலி வெயில்மா" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. காலமெல்லாம் மற்றவர்கள் தலைக்கு மேலே வேலை பார்த்தவர். யாரும் அண்ணாந்து பார்த்துப் பேர் கேட்டதில்லை. இப்போது டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அந்த ருசி யாரை விட்டது? ஆனாலும் அன்று நான் அவரைப் பேசிய பேச்சுக்கு வேறு ஒருவராக இருந்தால் வீட்டைவிட்டுப் போயிருப்பார். "சோறு போட்ட கையோட சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே!" என்றேன். அவர், "நான் பொய்யா சொன்னேன்? அவங்க சொன்னதைத்தானே சொன்னேன்" என்றார். அதுதான் எனக்குப் பதில் தெரியாத இடம். முக்காலிக் கதையில் ஒரு வார்த்தைகூட அவர் இட்டுக்கட்டியதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அக்கா வரவில்லை. நிலையத்தில் மேலதிகாரி, வீடியோவுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, அலுவலகத்துக்கு அது அழகில்லை என்று சொல்லிவிட்டாராம். கோடை ஏறிக்கொண்டே இருந்தது. வானொலியில் அவள் குரல் வந்ததும் சாரத்தில் யாரோ, "முக்காலியில ஏறிட்டாங்கடா!" என்று கத்துவார்கள், சிரிப்பு கூரைக்குக் கூரை தாவும். இறங்குகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அக்காவுக்கு அவமானம்கூடப் பெரிதாகப் படவில்லை. "யாராவது விழுந்துருவாங்கடி" என்றாள் போனில். அவள் பயந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். விடியற்காலை, புல்லில் பனி. அக்கா பலூனை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றிருந்தாள். நாங்களும் போய்ப் பக்கத்தில் நின்றோம். பலூன் மறையும்வரை என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் வாயும் லேசாகத் திறந்திருந்தது.

"வாங்க மாப்பிள்ளை" என்று அக்கா வெள்ளைப் பெட்டியைத் திறந்தாள். "குனிஞ்சு, என் பழைய உயரத்துக்கு வாங்க. அங்கிருந்து அண்ணாந்து படிங்க."

அவர் முழங்காலை மடக்கிப் படித்தார்.

"இப்ப நிமிந்து, கண்ணு நேரா வச்சுப் படிங்க."

படித்தார். "ஏறிடுச்சு!" என்று துள்ளினார். "இதைத்தானே அண்ணி நானும் சொன்னேன்! நேரா பாத்தா ஏறுது!"

"சரி. அப்போ அண்ணாந்து பாத்து நான் எழுதின காலத்துல?"

"கம்மியா எழுதியிருப்பீங்க."

"அதைச் சரிபண்ணணும்னா ஏத்தணுமா, எறக்கணுமா?"

"ஏத்தணும்."

"பழசை ஏத்திட்டா, பழசுக்கும் இப்ப இருக்கிறதுக்கும் நடுவுல இடைவெளி கூடுமா, குறையுமா?"

அவர் விரலால் காற்றில் ஒரு கூரை வரைந்தார். தாழ்ந்த விளிம்பைத் தூக்கினால் சாய்வு என்ன ஆகும் என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. "குறையும்" என்றார் மெதுவாக.

"நாங்க திருத்தினது உங்க கட்சிக்குச் சாதகமா மாப்பிள்ளை. விட்டுக்கொடுக்க வேண்டியதையெல்லாம் விட்டுக்கொடுத்தாச்சு. அதுக்கப்புறமும் ஏறித்தான் இருக்கு. என்னை மாதிரி குள்ளச்சியே இல்லாத ஊர்லயும் ஏறித்தான் இருக்கு."

அவள் அதை ஜெயித்த குரலில் சொல்லவில்லை. தோற்றிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன் என்கிற குரல் அது. எனக்கு அழுகை வந்தது. அவர் பெட்டியின் கதவைத் தானே மூடினார். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும்போது வழியெல்லாம், "நான் முழுசா கேக்கல" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்றே இன்னொரு வீடியோ போட்டார். தான் சொன்னது பாதி, மீதி இது என்று பொறுமையாக விளக்கினார். நடிப்பு இல்லை, சிரிப்பு இல்லை. அதைப் பார்த்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள், அவர்களிலும் பாதிப்பேர். முதல் வீடியோ மட்டும் தன்பாட்டுக்கு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அதை அழித்தார். அழித்து என்ன, அதற்குள் அது எல்லோருடைய போனிலும் இருந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. காலையிலேயே வானம் வெளுத்துக் கிடந்தது. தூரத்து வீடுகள் தண்ணீருக்கு அடியில் இருப்பவைபோல நெளிந்தன. அவர் ஆட்கள் ஒரு கிடங்கின் கூரையில் இருந்தார்கள். வானொலியில் அக்காவின் குரல் வந்தது. இவர் கீழேயிருந்து, "எல்லாரும் எறங்குங்கப்பா!" என்று கத்தினார். மேலே சிரிப்பு.

"என்ன மேஸ்திரி, நீங்களுமா முக்காலி போட்டுட்டீங்க?" என்று கேட்டது ஏணி. நல்ல உயரம், நல்ல ஒல்லி. அதனால் அந்தப் பெயர். முதல் வீடியோவைப் போனில் பிடித்தவரே அவர்தான்.

"சொன்னா கேளு ஏணி. அது தப்புன்னு நானே சொல்றேன்."

"இந்த ஒரு ஷீட்டு மேஸ்திரி. முடுக்கிட்டு வந்துர்றேன்."

மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஏணி இறங்கவில்லை. திருகு முடுக்கும் சத்தம் நின்றதை முதலில் கவனித்தவர் என் வீட்டுக்காரர்தான். ஏறிப் பார்த்தபோது ஏணி தகரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, வியர்வையே இல்லாத முகத்தோடு, யாரிடமோ ஏதோ பேசிக்கொண்டிருந்தாராம். அங்கே யாரும் இல்லை. அவரைத் தோளில் போட்டு இறக்கியதில் இவர் கை முழுக்கத் தகரம் சுட்ட காயம். கீழே வருவதற்குள் ஏணியின் பேச்சு நின்றுபோயிருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உயிருக்குப் பயமில்லை, பேச்சு திரும்ப நாளாகும், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அனல் காற்றையே அது திரும்பத் திரும்பக் கொடுத்தது. அப்போது எதிர்ப் பெஞ்சிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. "பூமி ஒண்ணும் சூடாகல சாமி..." ஒருவர் போனில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மூட்டை தூக்குகிறவர் என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

இவர் எழுந்து போய் அவர் முன்னால் நின்றார். "அண்ணே, அது நான்தான்."

அவர் போனையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, ஆமா! என்னா நடிப்புங்க!"

"அது தப்புண்ணே. நான் சரியா புரிஞ்சுக்காம போட்டுட்டேன். அதை நம்பித்தான் என் ஆளு உள்ள படுத்திருக்கான்."

மலர்ந்த முகம் மெல்ல மூடிக்கொண்டது. அவர் இவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, பரிதாபமாக, தாழ்ந்த குரலில் கேட்டார்: "உங்களையும் வாங்கிட்டாங்களா?"

என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். நான் எழுந்து அந்த ஆளை நாலு கேள்வி கேட்டிருப்பேன்; அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அவள் போனாள்.

"எங்கண்ணே வேலை உங்களுக்கு?"

"காய்கறி மார்க்கெட்டுல. மூட்டை எறக்குறது."

"மத்தியானமுமா?"

"லாரி வர்றதே அப்பத்தானே."

"நாளைக்கு இன்னைக்கைவிட மோசமா இருக்கும். என்னை நம்ப வேண்டாம். நடுவுல நடுவுல மட்டும் நிழல்ல உக்காருங்க. தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே தண்ணி குடிங்க."

குரலை எங்கேயோ கேட்டதுபோல அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பாக்கலாம்மா" என்றார். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் வானொலியில் அக்காவின் குரல் வந்தபோது என் வீட்டுக்காரர் வீட்டில் இல்லை. வேலையும் இல்லை, ஏணிக்கு அப்படி ஆன பிறகு கிடங்கு வேலையை நிறுத்திவைத்திருந்தார்கள். தெருவில் நாய்கூட நடமாடவில்லை. சாயங்காலம் அக்கா வந்து உட்கார்ந்திருந்தாள், வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும். அப்போதுதான் அவர் உள்ளே வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் போட்ட கட்டு அழுக்காகி அவிழ்ந்திருந்தது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்றேன்.

"மார்க்கெட்டுக்கு. அந்த அண்ணனைப் பாத்தேன்."

அக்கா நிமிர்ந்தாள். "உக்காந்தாரா?"

"இல்ல அண்ணி. எவ்வளவோ சொன்னேன், கேக்கல. லாரி காலியாகாம உக்கார முடியாதுன்னுட்டார்." அவர் சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "அதான் நானும் ஒரு பக்கம் பிடிச்சேன். சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் நிழலுக்கு வந்துருவார்ல."